வாளியில் தொடங்கும் அலமாரி

திருவான்மியூர் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த வீடு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முழுநேரமாகக் குவில்ட், அதாவது துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைக்கிற ஓர் அக்காவின் வீடு. அவர் சேர்த்து வைத்திருக்கும் துணிகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியதும், "ரூமுக்கு அப்புறம் போகலாம், முதல்ல இங்க வாங்க" என்று சமையலறையைத் தாண்டித் துவைக்கிற இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வாளியில் கருஞ்சிவப்புத் துணி ஊறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கோடவுன் தெருவில் வாங்கியது. தண்ணீர் இளஞ்சிவப்பாகியிருந்தது.

"இது இன்னிக்கு உள்ள போகாது" என்றார்.

துவைக்காத துணி அந்த வீட்டு அலமாரிக்குள் நுழைவதில்லை. குவில்ட் தைக்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. புதுத்துணியின் விறைப்பு வெட்டுவதற்கு வசதி என்று துவைக்காமலே வைப்பவர்கள் ஒரு பக்கம், முதலிலேயே துவைத்துவிடுபவர்கள் இன்னொரு பக்கம். அக்கா இரண்டாவது கட்சி. நம் ஊர்த் துணிக்கு அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. கலம்காரி, அஜ்ரக், இக்கத், சுங்குடி என்று நாம் ஆசையாக வாங்கும் துணிகளில் பல முதல் சில துவைப்புகளில் சாயம் விடுபவை. மெட்ராஸ் செக் துணியை 1960களில் அமெரிக்காவில் விற்றபோது, துவைக்கத் துவைக்கச் சாயம் கலங்கும் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். சட்டைக்கு அது அழகாக இருக்கலாம். வெள்ளைத் துண்டும் சிவப்புத் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் குவில்ட்டில், மாதக்கணக்கான வேலை ஒரே துவைப்பில் வீணாகிவிடும்.

கல் உப்பு போட்டால் சாயம் நிற்காதா என்று கேட்டேன். என் அம்மா அப்படித்தான் செய்வார். "கடையில வாங்கின துணிக்கு உப்பு ஒண்ணும் பண்ணாதும்மா. மிச்சச் சாயம் வெளிய வரணும், அவ்வளவுதான்" என்றார். துணியை எடுத்துப் பிழிந்தார். நனைத்த வெள்ளை மல் துண்டு ஒன்றை அதன் மேல் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். மல்லில் வெற்றிலை போட்ட உதட்டு நிறத்தில் கறை. இந்த மல் வெள்ளையாகவே திரும்பும் வரை, எத்தனை வாட்டி ஆனாலும், கருஞ்சிவப்பு வாளியில்தான் இருக்கும்.

இன்னொரு சோதனை அடுப்படியில். துணியின் ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் பருத்தி. சுருண்டு உருகிக் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அன்று பாவு சாம்பலானது, ஊடையும் சாம்பலானது. காட்டன் என்று சொல்லி விற்பதில் கலப்பு அடிக்கடி வருகிறது என்பதால் ஒரு நூலை மட்டும் எரித்துப் பார்த்து அவர் நம்புவதில்லை. கலப்பை அவர் தூக்கி எறிவதும் இல்லை. பைகள் தைக்க வேறு பெட்டி இருக்கிறது. பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் துவைத்தபின் குவில்ட் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ளும். பருத்தியே நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று சுருங்கும். கைத்தறியில் அதற்கு மேலும் போகும். துணியை அளந்து எழுதுவதும் அதனால் துவைத்துத் தேய்த்த பிறகுதான்.

துவைப்பதற்கு இன்னொரு காரணத்தையும் சொன்னார். அது பெரும்பாலானவர்கள் யோசிக்காதது. கடைத்துணியில் கஞ்சி இருக்கிறது. ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது சாப்பாடு. கம்பளியையும் பட்டையும் தின்னும் அந்துப்பூச்சி வெறும் பருத்தியைப் பெரிதாகச் சீண்டாது. பருத்தி அலமாரியில் நாம் பார்க்கும் ஓட்டைகள் பெரும்பாலும் ராமபாணத்தின் வேலை, கஞ்சியைத் தேடி வந்து துணியையும் சேர்த்துக் கடித்தவை. கஞ்சியும் அழுக்கும் போன துணி, உலர்ந்த இடம், இந்த இரண்டும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அந்துருண்டை இந்த வீட்டில் கிடையாது. நாள் முழுவதும் உட்கார்ந்து தைக்கும் அறையில் அந்த நெடியைச் சுவாசிக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. வசம்பை உடைத்து மல் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று தொங்கவிட்டிருக்கிறார். துணியில் படாமல்.

இதெல்லாம் முடிந்துதான் அறைக்குப் போனோம். வடக்குப் பார்த்த அறை, நடுத்தர அளவு. ஒரு சுவர் முழுக்க மர அலமாரி, ஜன்னலோரம் தையல் மெஷின், நடுவில் இடுப்புயர மேசை, மேசை மேல் பச்சை கட்டிங் மேட். வெட்டும் மேசை இடுப்புயரம் இருப்பதை நான் கவனித்ததும், "குனிஞ்சு வெட்டினா முதுகு போயிடும்" என்றார். ரோட்டரி கட்டரை வைத்து நேர்க்கோட்டில் அழுத்தி வெட்டுவது உடம்பு நேராக நிற்கும்போதுதான் சுலபம்.

அலமாரி சுவரோடு ஒட்டவில்லை. இரண்டு அங்குலம் இடைவெளி. அது வெளிச்சுவர். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும். கீழ்த்தட்டும் தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கிறது. கதவுகளின் மேலும் கீழும் காற்றுப் போக ஓட்டை வரிசை. இரும்பு பீரோதான் நம் வீடுகளில் வழக்கம், ஆனால் கடற்காற்றில் உள்பக்கம் எங்கேயாவது துருப்பிடித்துவிடும், துருக்கறை பருத்தியிலிருந்து லேசில் போகாது. மரத்துக்கும் ஒரு குறை உண்டு. மரத்திலிருந்து கசியும் அமிலம், தொட்டுக்கொண்டே இருக்கும் துணியைப் பழுப்பாக்கும். தட்டுகளில் அதனால் துவைத்த பழைய வேட்டிகளை விரித்திருக்கிறார். பிளாஸ்டிக் பை எதுவும் இல்லை. இந்த ஊர் ஈரத்தில் பைக்குள் மூடிய துணி முக்கல் வாடை பிடித்து, கடைசியில் கரும்புள்ளி விழும்.

மடிக்கும் விதத்தைச் செய்து காட்டச் சொன்னேன். ஆறு அங்குல அகலம், இருபத்துநாலு அங்குல நீளமுள்ள கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஸ்கேலை எடுத்தார். 44 பன்னாத் துணியைக் கரையோடு கரை சேர்த்து இரண்டாக மடித்தார், அகலம் இருபத்திரண்டு அங்குலமானது. அதை ஸ்கேலின் மேல் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், ஸ்கேலை மெல்ல உருவினார். இறுகலான பட்டை கிடைத்தது. நடுவில் ஒரு மடிப்பு. ஆறுக்குப் பதினொன்று. அரை மீட்டரோ மூன்று மீட்டரோ, அகலமும் உயரமும் இதே அளவுதான், தடிமன் மட்டும் மாறும். தட்டின் ஆழமும் அதற்கேற்றபடி பன்னிரண்டு அங்குலம். மடித்த பக்கம் வெளியே தெரிய, புத்தகம் போல நிற்கவைக்கிறார். ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பது சரிவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வீட்டில், அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து மறந்துபோகும். கண்ணில் படாத துணியை யாரும் தைப்பதில்லை.

வரிசைதான் என்னை நிறுத்தி வைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தாறுமாறு. மாம்பழ மஞ்சளுக்கு அருகில் இளநீலம், செங்கல் சிவப்பு பக்கத்தில் இலைப்பச்சை. நிறவாரியாக அடுக்கவில்லையா என்றதற்கு, போனில் அந்தத் தட்டைப் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கையில் கொடுத்தார். இடது ஓரம் வெளிர் சாம்பல், வலப்பக்கம் போகப் போக அடர்த்தி, கடைசியில் கறுப்பு. ஒரு துணி சரியாக இடம் பிடித்திருக்கவில்லை, உடனே எடுத்து நாலு துணி தள்ளி வைத்தார். குவில்ட்டில் நட்சத்திரமோ முக்கோணமோ கண்ணுக்குத் தெரிவதற்கு, நிறம் வேறாக இருப்பது மட்டும் போதாது. ஒன்று வெளிராகவும் மற்றது அடர்வாகவும் இருக்க வேண்டும். செங்கல் சிவப்பையும் இலைப்பச்சையையும் வைத்துத் தைத்த நட்சத்திரம் கையில் இருக்கும்போது பளிச்சென்று இருக்கும், பத்தடி தள்ளிப் போனால் கரைந்துவிடும். இரண்டும் ஒரே சாம்பல். தைக்கும்போது எடுக்க வேண்டிய முடிவின் பாதியை இந்த அலமாரி முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறது. வீட்டுத் துணிச் சேமிப்பைப் பற்றி நான் கேட்ட யோசனைகளில் இதைவிட உபயோகமானது இல்லை.

ஒரு நீலத் துணியை உருவி விரித்தார். மடிப்பு இருந்த இடங்களில் எல்லாம் குறுக்கே வெளிறிய கோடு. முன்பிருந்த வீட்டில் அலமாரி ஜன்னலுக்கு எதிரே இருந்ததாம். மடிப்பின் முனை மட்டும் வெயிலைக் குடித்திருக்கிறது. இப்போது வடக்கு அறையானாலும் கதவை மூடியே வைக்கிறார், தை மாதம் வெயில் உறைத்ததும் எல்லாவற்றையும் நிழலில் காற்றாடப் போட்டு, பழைய மடிப்பில் விழாமல் வேறு இடத்தில் மடிக்கிறார்.

ஜாக்கெட் பிட்டுகளுக்குத் தனித் தட்டு. நவராத்திரிக் கொலுவுக்கும் கல்யாணங்களுக்கும் போய்வந்த நம் வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுத்தவை சேராமல் இருக்குமா! பெரும்பாலும் யாரும் தைத்துக்கொள்வதில்லை, கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் டூ பை டூ ரூபியா நல்ல பருத்தியாக இருந்தால், ஒற்றை நிறத்தில் இத்தனை வகை வேறெங்கும் கிடைக்காது என்கிறார். மெல்லியது என்பதால் பருமனான கைத்தறியோடு சேர்ப்பதில்லை. பட்டு தனி. பாட்டியின் காஞ்சிபுரம் புடவை ஒன்றை மடிக்காமல் மல் துணியோடு சேர்த்து உருளையாகச் சுற்றி வைத்திருக்கிறார். மடித்தால் ஜரிகை அந்த இடத்தில் ஒடியும்.

மேசையின் இழுப்பறையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை அங்குலச் சதுரத் துணி மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை மீட்டர், எங்கே வாங்கியது, எத்தனை துவைப்பில் சாயம் நின்றது. மாதிரிகளை நூலால் தைத்திருக்கிறார். ஸ்டேப்ளர் பின் இந்தக் காற்றில் துருப்பிடிக்கும். கடைக்குப் போகும்போது நோட்டும் பையில் போகும். இரட்டைக் கட்டில் குவில்ட் ஒன்றின் பின்பக்கத்துக்கு மட்டும் 44 பன்னாவில் சுமார் ஏழரை மீட்டர் வேண்டும். கையில் இருப்பது எவ்வளவு என்று தெரியாமல் கடையில் நின்றால் ஒன்று கூடுதலாக வாங்குவோம், இல்லையென்றால் குறையும். குறைந்த துணி மறுபடி அதே சாயத்தில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வெட்டுத்துணிப் பெட்டிகளைப் பார்க்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மிச்சத் துண்டு எதையும் அப்படியே போடுவதில்லை. அன்றே தேய்த்து இரண்டரை அங்குலப் பட்டையாகவோ ஐந்து அங்குலச் சதுரமாகவோ வெட்டிவிடுகிறார். குவில்ட் மாதிரிகள் பல இந்த இரண்டு அளவுகளில்தான் வருகின்றன. எடுத்தால் நேராக மெஷினுக்குப் போகலாம். அளவுக்குள் அடங்காத கோணல்மாணல் துண்டுகளுக்குத் தனிக் கூடை, அது கவந்திக்கு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி, கையாலேயே ஓட்டத்தையல் போட்டுக்கொண்டு போய் நடுவில் முடிக்கும் போர்வை அது. மூலைகளில் சிறு முக்கோணங்களை மடித்து வைப்பார்கள், அதற்குப் பூலா என்று பெயர். அளவெடுத்து வெட்டுகிற வேலையே அதில் இல்லை. அக்கா பாதி தைத்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். டெய்லர் கடைகளில் மூட்டையாகக் கொட்டிவிடும் துண்டுகளுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தைத்துக்கொண்டிருக்கும் குவில்ட்டுகள் மூடியுள்ள ஆறு பெட்டிகளில். துணி, நூல், படம், ஓரத்துக்கு வெட்டிய பட்டை எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஏழாவது பெட்டி வாங்குவதில்லை.

நான் கிளம்பும் சமயம், நோட்டைப் புரட்டி மூன்று வருஷமாகத் தொடாத துணிகளை வெளியே எடுத்து வைத்திருந்தார். பக்கத்துத் தெருவில் தையல் வகுப்பு நடக்கிறது, புதிதாகப் பழகும் பெண்களுக்கு. ஏழெட்டுத் துணிகளைக் கரைப்பட்டையால் கட்டி, நோட்டிலிருந்த அந்தந்த மாதிரியின் மேல் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கட்டோடு குண்டூசியால் குத்தப் போய், குண்டூசியை வைத்துவிட்டு நூல் கோத்த ஊசியால் தைத்தார். சீட்டை வாங்கிப் படித்தேன்: "சுத்தக் காட்டன். துவைத்தது, சாயம் நின்றது. 44 பன்னா. பச்சை மட்டும் தனியாக ஒருதரம் அலசவும்."