ஓடாட்டிப் பரவாயில்லை

அப்பப்பாவின் மொறிஸ் மைனர், தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடின கார். கம்பஸ் லீவில் வந்தபோது அதன் பிறேக் பெடல் லொடலொடவெண்டு ஆடியது. நாங்கள், அக்காவும் தம்பியும், கீழே படுத்துப் பார்த்தோம். பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் தடியையும் இணைக்கிற பின் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஹாட்வெயாரில் எட்டு மில்லிமீற்றர் போல்ட் ஒன்று வாங்கிப் பூட்டினோம். ஒரே பெருமை.

அப்பப்பா கழட்டச் சொன்னார். தலைவரைக்கும் புரி வெட்டின சாதா போல்ட், ஓட்டையை அரம் மாதிரி அராவிவிடுமாம். "ஓடாட்டிப் பரவாயில்லை பிள்ளையள், நிக்க வேணும்."

திரும்பப் போனோம். தலையில் 8.8 எண்டு பொறித்த, பாதிக்குப் புரியில்லாத போல்ட் கிடைத்தது. பெடல் அசைய இடம்விட்டுப் பூட்ட வேணும், அதனால் தானாய்க் கழராத நைலோன் நட்.

ஒழுங்கையில் பத்துத்தரம் ஓட்டி நிப்பாட்டிப் பார்த்த பிறகுதான் அப்பம்மாவை ஏத்தினார்.