எவ்வளவு மடங்குகிறது?

தொடை எலும்பை நீட்டும் அறுவை சிகிச்சை என்றால் எல்லோரும் சென்டிமீட்டரில்தான் பேசுகிறார்கள். என் கணக்கு 4 சென்டிமீட்டர். சிறுவயதில் எலும்பில் சீழ் பிடித்ததால் வளர்ச்சி குன்றிய இடது தொடையை, என் 24ஆம் வயதில் வலது தொடைக்கு ஈடாக்கினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நடையைப் பார்ப்பார்கள் என்பதற்காகவே வீட்டில் கடன் வாங்கினார்கள்.

இந்த முறையை வகுத்தவர் சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ். 1950களில் சைபீரியாவின் குர்கானில் இதை உருவாக்கினார். எலும்பை வெட்டி, வெளியே ஒரு உலோகச் சட்டத்தைக் கம்பிகளால் எலும்போடு பிணைத்து, நாளுக்கு 1 மில்லிமீட்டர் விலக்கினால் அந்த இடைவெளியில் புது எலும்பு உருவாகும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 0.25 மில்லிமீட்டர் திருகினேன். 40 நாளில் வேண்டிய நீளம் வந்துவிட்டது.

ஆனால் எலும்பின் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. தொடையின் முன்பக்கத் தசை முழங்காலைத் தாண்டிக் கீழெலும்பைப் பிடித்திருக்கிறது. மேலே எலும்பு நீள நீள, அது நாண்போல் இறுகுகிறது. கம்பிகளும் தசையைத் துளைத்தே போவதால் மடக்கும்போதெல்லாம் வலி. வலிக்குப் பயந்து மடக்காமல் விட்டாலோ தசை எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முன்பு 130 பாகை மடங்கிய என் முழங்கால் 40ஆம் நாள் 45 பாகையில் நின்றது.

சமதரையில் நடக்க 60, 70 பாகை போதும். படியிறங்கச் சுமார் 90 வேண்டும். குந்துவதற்கோ 120க்கும் மேல். ஊர் பார்க்கும் நடைக்குத்தான் குறைவான மடக்கம் போதும். கோலம் போட, கீழ்த்தட்டுப் புத்தகத்தை எடுக்க, இந்தியக் கழிப்பறையில் உட்கார வேண்டிய மடக்கம் யார் கணக்கிலும் இல்லை.

பெர்ன்ஹில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கால் ஈடாகிவிட்டதா என்றே கேட்டார்கள். அத்தை பாசமாக முழங்காலுக்கடியில் தலையணை வைப்பார். அதை எடுக்கச் சொல்லித் தினமும் சண்டை; தலையணை வைத்தே கிடந்தால் முழங்கால் முழுதாக நீளாமல் போகும். கீழ்ச்சரிவுக் கேரட் தோட்டத்தில் களையெடுக்கும் ஒரு அம்மாதான், “குந்த முடியுதா கண்ணு?” என்று கேட்டார். முடியாது என்றேன். “அப்போ எங்க வேலைக்கு நீ ஆகமாட்டே” என்று சிரித்தார். முழங்காலை வைத்துப் பிழைப்பவருக்குத் தெரிந்திருந்தது.

எலும்பு கெட்டிப்படும்வரை மேலும் பல மாதம் சட்டம் இருந்தது. குளிர்காலக் காலைகளில் வெந்நீர்ப் பை வைத்துச் சூடாக்கியபின், மேசை விளிம்பில் உட்கார்ந்து வலது பாதத்தால் இடது காலைப் பின்னே தள்ளுவேன். சட்டம் கழற்றி ஓராண்டில் 110 பாகை திரும்பியது. அதற்காக அந்த ஓராண்டும் என் பங்குச் சமையலையும் துணியையும் அம்மா செய்தார். கையிலும் இடுப்பிலும் பிள்ளைகள் உள்ள ஒருத்திக்கு நாளுக்கு மூன்று வேளைப் பயிற்சியை யார் விட்டுத்தருவார்கள்?

இன்று குட்டைக் காலுக்காக மட்டுமல்ல, உயரம் கூட்டவும் இந்தச் சிகிச்சைக்கு விளம்பரம் வருகிறது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்றால், எத்தனை சென்டிமீட்டர் என்பதோடு முழங்கால் இப்போது எத்தனை பாகை, பிறகு எத்தனை மிஞ்சும், அந்த மாதங்களில் அடுப்பை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். என் நடை நேராகிவிட்டது. குந்த இன்னும் முடியவில்லை.