காப்ளி நிலையம்

பாஸ்டனுக்கு வந்த புதிதில் தினமும் நான் ஏறி இறங்கிய சுரங்க ரயில் நிலையத்தின் பெயர் காப்ளி. யாருடைய பெயர் என்று இரண்டு வருடம் கேட்கத் தோன்றவில்லை. வேலை, வாடகை, விசா, பனி என்றே அந்த நாட்கள் போயின. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு படத்தின் முன் கால்கள் நின்றுவிட்டன. எழுதியவர் ஜான் சிங்கிள்டன் காப்ளி.

வெள்ளித் தட்டார் பால் ரெவியரை 1768இல் அவர் தீட்டிய படம். கோட்டு போடாமல், பொய்முடி வைக்காமல், வெள்ளைச் சட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் ரெவியர். ஒரு கை தாடையில். மறு கையில் பூவேலை செதுக்காத வெள்ளித் தேநீர்க் கெண்டி. பக்கத்தில் செதுக்குளிகள். பட்டும் சரிகையும் உடுத்தி வந்து படம் எழுதிக்கொண்டவர்களின் காலத்தில், தொழில் செய்யும் கோலத்தில் ஒரு மனிதர்! அடுத்த ஆண்டே டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் சென்னைக்கு வந்து, ஆற்காட்டு நவாபை எழுதினார். எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கமும் அப்போது அந்த நவாபின் சீமைதான். நவாபின் முகம் இன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆசாரி ஒருவரின் கையை யாரும் எழுதி வைக்கவில்லை.

என் பெரியப்பா சின்னசேலத்தில் ஒரு மரச்சிற்பப் பட்டறையில் நாற்பது வருடம் உளி பிடித்தவர். வாகைக் கட்டையிலிருந்து பிள்ளையாரின் தும்பிக்கை மெல்லப் புறப்பட்டு வருவதைப் பள்ளிவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோருக்கும் போன் போட்டு அழுதேன்.

காப்ளி 1738இல் பாஸ்டனில் பிறந்தவர். அம்மா துறைமுகத்தில் புகையிலைக் கடை வைத்திருந்தார். ஓவியப் பள்ளி என்று ஊரில் எதுவும் கிடையாது. செப்புத்தகட்டில் படம் செதுக்கும் மாற்றாந்தகப்பனிடம் கொஞ்சம் கற்றார். அவரும் 1751இல் போய்விட்டார். மிச்சமெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப்படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. குழைத்த வண்ணத்தைக் கத்தி நுனியில் எடுத்து, எதிரே இருப்பவரின் கன்னத்தருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பாராம். இந்த ஊர்க்காரர்கள் ஓவியத்தைத் தச்சு, தையல், செருப்பு வேலைகளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். அதில் எனக்கு அவரோடு சம்மதமில்லை. அந்த வேலைகளின் அருமை தெரிந்த கண் இல்லாவிட்டால், வெள்ளிக் கெண்டியின் பளபளப்பில் விழும் ரெவியரின் விரல்களின் நிழலை அவர் பிடித்திருக்க முடியாது.

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் எதிர்ப்பாளர்கள் கடலில் கொட்டிய கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலைக்கு உள்ளூர் முகவர்களில் ஒருவர் காப்ளியின் மாமனார். இரு தரப்புக்கும் நடுவே காப்ளி சமாதானம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. 1774 ஜூனில் கப்பலேறினார், இத்தாலி போய்ப் பெரிய ஓவியங்களைக் கண்ணால் பார்க்க. மறு வருடம் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. மனைவியும் குழந்தைகளும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். வயதான அம்மா பாஸ்டனிலேயே தங்கிவிட்டார். 1815இல் லண்டனில் கண்மூடும்வரை காப்ளி ஊர் திரும்பவே இல்லை. அங்கே சுறாமீன் தாக்கும் படமும் போர்க்களப் படங்களுமாகப் பெரிது பெரிதாக எழுதினார், புகழும் வந்தது. என் கண்ணுக்கு என்னவோ அந்தப் பாஸ்டன் முகங்களில்தான் உயிர் இருக்கிறது.

நானும் இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வந்தேன். பதினாறு ஆகிறது.

போன மாதம் தம்பியைப் பட்டறைக்கு அனுப்பி, வீடியோவில் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். படம் எடுக்க என்றதும் எழுந்துவிட்டார்.

"இருப்பா, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்துடறேன்."

"வேணாம் பெரியப்பா. அப்படியே உக்காருங்க. உளி கையிலயே இருக்கட்டும்."

"தூசியா இருக்கேப்பா."

"இருக்கட்டும்."

தம்பி அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கட்டைவிரல் நகத்தில் மரத்தூள் தெரிகிறது.