குக்கரில் வெந்த ராகி கேக்

கேக் செய்ய ஓவன் வேண்டாம், குக்கர் போதும். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் அடியில் உப்பைப் பரப்பிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். மாவுக் கிண்ணத்தை ஸ்டாண்டு மேல் வைத்து மூடினால் சிறு தீயில் முக்கால் மணி நேரம். இட்லிக் குண்டானிலும் வேகும், மேலே சிவக்காது. குந்தாரப்பள்ளியில் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 14 அன்று அம்மா இப்படித்தான் ராகி மாவு, கோதுமை மாவு, வெல்லம், கொஞ்சம் ஆப்பசோடா சேர்த்துச் செய்தார்.

இருக்கிற பொருளுக்குப் புதுப் பயன் கண்டுபிடிப்பதில் சாதியும் கெட்டிதான். டீக்கடையில் நமக்கென்று கொட்டாங்குச்சியை எடுத்துவைத்தது அதுதானே? பிறகு தனிக் குவளை வந்தது, அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வந்த பிறகும் போகவில்லை. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதென்று பெற்றோர் சிலர் எதிர்க்க, அவரையே இடமாற்றம் செய்தார்கள். போராடிய பிறகுதான் அது ரத்தானது. பாத்திரம் அரசுடையது, அரிசி அரசுடையது, கை மட்டும் தீட்டாம்.

எங்கள் கேக் இருபது துண்டு. ஊர்த்தெருவிலிருந்து வரும் நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் அங்கேயே தின்றார்கள். ஒருத்தி, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்க்கா" என்று தாளில் மடித்துக்கொண்டாள். வழியில் தின்றாளா, எறிந்தாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் நோட்டோடு வந்து நின்றாள். "உப்பு எவ்வளவு போடணும்க்கா?"