சுண்ணாம்புக்கு ஒரு சலாம்!

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில் காரியாபட்டி. சித்திரை மாசம், காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பனைமரத்தடியில் பெரியவர் ஒருவர் பதநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்தேன். தேவாமிர்தம்! லேசாகச் சுண்ணாம்பு வாடைதான் இடித்தது.

"கொஞ்சம் குறைச்சுத் தடவக் கூடாதாய்யா?" என்றேன்.

"குறைச்சா நான் உள்ளே போகணும் தம்பி!"

வாஸ்தவம்தான். இங்கிலாந்துக்காரர் சொந்தத் தாகத்துக்கு வீட்டிலேயே 'ஏல்' பீர் தயாரிக்கலாம். 1963 முதல் லைசென்ஸ்கூட வேண்டாம். கடையில் ஈஸ்ட் பாக்கெட்டைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, 20 டிகிரி சூட்டில் பத்திரமாகப் பொங்க வைப்பார். நம்மூர் ஈஸ்ட்டுக்கு இந்த உபசாரமெல்லாம் எதுக்கு? காற்றிலும் பூச்சியிலும் பழைய கலயத்திலும் ஒட்டிக்கொண்டு, அழையா விருந்தாளியாக வந்துவிடும். சர்க்கரையைத் தின்று, சில மணி நேரத்தில் நுரை தள்ள வைத்தால்... கள்! தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. கலயத்தின் உள்ளே தடவுகிற சுண்ணாம்புதான் ஈஸ்ட்டைத் தலைதூக்க விடாமல் அமுக்குகிறது.

"கூடினா நீங்க குடிக்க மாட்டீங்க, குறைஞ்சா போலீஸ் விடாது. நடுவுல நம்ம பொழப்பு" என்று சிரித்தார் பெரியவர்.

இன்னொரு பட்டை வாங்கினேன். இந்தத் தடவை சுண்ணாம்பு வாடை அடிக்கவே இல்லை!