எம் வீட்டு இஞ்சிச் சாடி

எம் வீட்டு அடுக்களையின் மூலையில், அரிசிப் பெட்டிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவே, ஐந்து லீற்றர் கொள்ளும் கண்ணாடிச் சாடியொன்று வீற்றிருக்கின்றது. அதன் வாயை இறப்பர் அடைப்பான் மூடியுள்ளது. அடைப்பானை ஊடுருவிச் செல்லும் சிறு குழாயின் மறுமுனை, நீர் நிறைந்த குவளையொன்றினுள் அமிழ்ந்திருக்கின்றது. அந்நீரில் இடையிடையே ஒரு குமிழி எழுந்து 'குளுக்' என்னும். வீடு அடங்கிய இரவில் அவ்வொலி சுவர் மணிக்கூட்டின் ஒலியினும் தெளிவாய்க் கேட்கும். வரும் விருந்தினர் இதனைக் கஷாயம் இறக்கும் கருவியென்றே எண்ணுவர். அதனுள் ஊறுவது இஞ்சிப் பியர் என்று கூறினாலோ புருவத்தை உயர்த்துவர்.

எம் அன்னையார் புருவத்தை உயர்த்தியதோடு நிற்கவில்லை. 'பியர்' என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மூன்று நாள் எம்மோடு பேசாதிருந்தார். எம்முடையது மது தீண்டாத குடும்பம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலிற் கொடியேறிவிட்டால் வெங்காயமும் எம் வீட்டுப் படி ஏறாது. அத்தகைய இல்லத்தில் இச்சாடி எவ்வாறு இடம் பெற்றது?

நாம் பேராதனையிற் பயின்ற காலத்தில், எமக்கு அறை தந்திருந்த பறங்கிய மூதாட்டியார் நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது இஞ்சிப் பியர் ஊறவைப்பார். நான்கு லீற்றர் நீரில் 400 கிராம் சீனி; ஒரு பெரிய கைப்பிடி இடித்த இஞ்சி; நான்கு தேசிக்காயின் சாறு; சில கராம்பு. இவற்றைக் கொதிக்கவைத்து, இளஞ்சூடாக ஆறிய பின்னர், பாண் போடுவோர் 'ஈஸ்ற்' என்றும் பாடநூல்கள் 'மதுவம்' என்றும் கூறும் பொருளில் அரைத் தேக்கரண்டி தூவுவார். வேறு மந்திரம் ஒன்றுமில்லை. பட்டம் பெற்று மாத்தளைக்கு வந்து இரசாயனவியல் கற்பிக்கத் தொடங்கியபோது, நொதித்தற் பாடத்தைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதிலும் இச்சாடியைக் காட்டுவது நன்றென எமக்குத் தோன்றிற்று. சாடியிலிருந்து வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரிற் செலுத்தினால் அது பால் நிறமாகும். அது காபனீரொட்சைட்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தோசை மாவைப் பொங்கவைப்பதும் இதே வாயுதான் என்று விளக்கிய பின்னரே அன்னையார் எம்மோடு பேசலானார்.

வாயு வெளியேறுவதற்கு வழி விட்டு, வெளிக்காற்று உட்புகாமல் தடுப்பதே அக்குழாயின் தொழில். அதன் அருமையை நாம் அடிபட்டே அறிந்தோம். ஒருமுறை, நொதித்து முடியாத இஞ்சி நீரைக் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி இறுக மூடி வைத்தோம். நள்ளிரவில் ஒன்று வெடித்தது. அதனைத் தொடர்ந்து இரண்டாவதும் வெடித்தது. விடிந்து பார்த்தால் தேங்காய்த் துருவலை போல் ஒடுங்கிய சில்லுகள் எதிர்ச்சுவரிற் குத்தி நின்றன. பகலில் நிகழ்ந்திருப்பின் எம் இளைய மகள் அவ்விடத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள். ஒரு மேசைக்கரண்டிச் சீனி முற்றாக நொதித்தால் மூன்று லீற்றருக்கு மேற்பட்ட வாயு பிறக்கும் என்பதைக் கணக்கிட்டுக் கற்பிப்பவர் நாமே. கணக்குத் தெரிந்தவர் செய்த காரியம் அது! இப்பொழுது பிளாஸ்ரிக் போத்தலையே பயன்படுத்துகின்றோம். அது கல்லைப் போல் இறுகியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவோம்.

மெய்யான பியரை நாம் வடிக்கவில்லை. அதற்கு முளைகட்டிய வாற்கோதுமையும் 'ஹொப்' என்னும் கொடியின் பூவும் வேண்டும். இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டுத் தேவைக்குப் பியர் வடிக்க உரிமம் வேண்டுவதில்லை. அமெரிக்காவும் 1978இல் அதற்குச் சட்டம் இயற்றிற்று. எம் நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வதைத் தடுக்கின்றது. கித்துள் மரத்திற் பாளை சீவுவோர்க்கும் இவ்வெல்லை நன்கு தெரியும். விடியலில் இறக்கும் பதநீர் தேன்போல் இனிக்கும். வெயில் ஏறுமுன்னரே அது கள்ளாக மாறத் தொடங்கும். அதனால் பாணியும் கருப்பட்டியும் காய்ச்ச விரும்புவோர் 'ஹல்' மரத்தின் பட்டையை முட்டியிலிட்டு நொதிப்பைத் தடுத்து வைப்பர்.

இஞ்சிப் பியருக்கும் எமது மலைநாட்டுக்கும் ஒரு பழைய தொடர்புண்டு. அதனை அறிந்தோர் சிலரே. கோப்பித் தோட்டங்களில் உழைக்கவென, தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாக எம் முன்னோர் மாத்தளைக்கு வந்தனர். அக்கோப்பியை 1869 முதல் இலைத்துரு நோய் பற்றிற்று. அந்நோயை ஆராய 1880இல் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர். இரண்டாண்டு இங்கிருந்து, துருவுக்குக் காரணமான பூஞ்சணத்தின் வாழ்க்கையைத் தெளிவாக்கினார். ஆனால் கோப்பியைக் காக்க அவரால் இயலவில்லை. கோப்பி அழிந்த மண்ணில் தேயிலை எழுந்தது. ஊர் திரும்பிய அவர் பின்னர் எடுத்துக்கொண்ட பொருள் யாது? அக்காலத்து ஆங்கிலேயர் இல்லங்களில் 'இஞ்சிப் பியர்ச் செடி' என்று அயலவர்க்குப் பகிர்ந்தளித்துவந்த வெண்கட்டி! அது செடியன்று, ஒரு மதுவமும் ஒரு பற்றீரியமும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் குடித்தனம் என்று 1892இல் அவர் நிறுவினார். பெருந்தோட்டங்களை அழித்த நுண்ணுயிரைக் கண்ட கண்கள், அடுக்களைச் சாடியில் வாழும் நுண்ணுயிரையும் அதே மதிப்போடு நோக்கின என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மிகும்.

இவற்றையெல்லாம் ஞாயிறுதோறும் எம் இல்லத்துக்குப் பாடம் கேட்க வரும் மாணவர்க்குச் சொல்வது எம் வழக்கம். கடந்த ஆண்டு அவர்களுள் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை; தந்தையைக் கசிப்புக்குப் பறிகொடுத்தவன். அன்று ஆறு நாள் ஊறிய இஞ்சிப் பியரைத் தம்ளர்களில் வார்த்து எல்லோர்க்கும் கொடுத்தோம். அவன் தன் தம்ளரை முகர்ந்து பார்த்து, "சேர், கோடா வாசம் அடிக்குது. இதுல போதை இருக்குமா?" என்றான். கசிப்புக் காய்ச்சுமுன் பீப்பாவில் நொதிக்கவைக்கும் சீனிக் கரைசலுக்குக் கோடா என்று பெயர்.

"இது இஞ்சியும் தேசிக்காயும் தம்பி. போதை ஒன்றும் இல்லை, குடி" என்றோம்.

அவன் குடித்தான்.

அன்றிரவு அச்சொல் எம்மை உறங்கவிடவில்லை. பால்மானியைப் போன்றதொரு நீரமானி எம்மிடம் உண்டு. சாடியை நிரப்பிய நாளில், பழக்கம் காரணமாக, கரைசலின் அடர்த்தியை அதனால் அளந்து 1.038 என்று குறித்து வைத்திருந்தோம். எழுந்து சென்று, எஞ்சியதை வாயு போகும்வரை குலுக்கி அளந்தோம். 1.010 காட்டிற்று. குறைந்த 0.028ஐ 131ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 3.7, அதாவது, 100 பங்கில் 3.7 பங்கு அற்ககோல். கடையில் விற்கும் பியரிலும் 5 பங்கு அளவே உண்டு. சீனி குறையக் குறைய வாயுவோடு அற்ககோலும் பிறக்கும் என்று எத்தனை வகுப்புகளுக்குக் கற்பித்திருப்போம்! இஞ்சியின் காரத்தையும் மூதாட்டியாரின் நத்தாரையும் நம்பி, எம் பாடத்தையே மறந்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு மற்றையோர் வருமுன்னர் அவனைத் தனியே அழைத்து, அளவுகளைக் காட்டி, நாம் கூறியது பிழையென்று சொன்னோம். அவன் தலை கவிழ்ந்து நின்றான்.

"தெரியும் சேர். எனக்கு அந்த வாசம் தெரியும்."

"தெரிந்தும் ஏன் குடித்தாய்?"

"நீங்க இல்லன்னு சொன்னீங்களே."

எமக்கு மறுமொழி வரவில்லை. அவனுடைய தாயார்க்கும் நாமே சென்று சொன்னோம். அவ்வம்மையார் கோபிக்கவில்லை, தேநீர் தந்து, "புள்ளைய ஒழுங்கா படிக்க வைங்க ஐயா" என்று மட்டும் கூறினார். கோபித்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

சாடியை அகற்றிவிடலாம் என்றே எண்ணினோம். வேண்டாமென்று தடுத்தவன் அவனே. கோடா எப்படிக் கோடா ஆகிறது என்று தான் அறிய வேண்டுமென்றான். இப்பொழுது வெள்ளி மாலையிலேயே சாடியை நிரப்புகின்றோம். மதுவம் ஒரு சிட்டிகைக்கு மேல் இடுவதில்லை. ஞாயிறு காலையில் வந்ததும் அவன் நீரமானியை மிதக்கவிட்டு, கண்ணைத் திரவ மட்டத்துக்குத் தாழ்த்தி, அளவைக் குறிப்பேட்டில் எழுதுவான். சென்ற வாரம் 1.034, அரைப் பங்கு அற்ககோல். அதனை அவன் உரக்க வாசித்த பின்னரே, வேண்டியவர்கள் தம்ளரை எடுக்கின்றனர். அவன் எடுப்பதில்லை. எம் அன்னையார் அவனுக்கென்று தனியே தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைக்கின்றார்.