ரவை

2019ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில், ஒரு ரிவால்வர் வாங்குவது என்று முடிவு செய்தேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்டு, சம்பளத்தில் பாதியை வீட்டுக் கடனுக்குக் கட்டிக்கொண்டிருந்த நாற்பது வயதுப் பெண் எடுக்கிற முடிவா இது என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

கல்லூரியிலிருந்து பஸ்ஸில் திருச்செந்தூர் வந்து, அங்கே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உடன்குடிக்கு வருவேன். மாலை வகுப்பு இருக்கும் நாள்களில் இருட்டிவிடும். பரமன்குறிச்சி தாண்டினால் பனையும் உடைமரமும்தான் துணை. அந்த மார்கழியில் ஒரு பைக் பின்னால் வரத் தொடங்கியது. விளக்கை அணைத்துவிட்டு வரும். நான் வேகம் குறைத்தால் அதுவும் குறைக்கும். முந்திப் போகாது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பக்கவாட்டில் வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனது. வண்டியோடு சரிந்து முழங்கை பெயர்ந்து வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் "யாரோ ஒருத்தன்" என்றேன். அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன்.

எல்லோரும் நல்ல யோசனைகள் சொன்னார்கள். மாலை வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடு, அண்ணன் வந்து கூட்டி வரட்டும், திருச்செந்தூரிலேயே வீடு பார், வேலையை விட்டாலும் என்ன குறைந்துவிடும். அத்தனை யோசனையிலும் மாற வேண்டியது நான்தான். பைக்கில் வருகிறவன் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நிர்பீக் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. டெல்லி மாணவி கொல்லப்பட்டு ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில், கான்பூரில் உள்ள அரசு பீரங்கித் தொழிற்சாலை பெண்களுக்கென்று அறிமுகப்படுத்திய ரிவால்வர் அது. நிர்பயா என்று நாடு அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயரைத் தழுவித்தான் இதற்கும் பெயர். டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம், பாயிண்ட் 32 அளவு, ஆறு தோட்டா. அன்றைய விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியை யோசித்தவர் யாராக இருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். சீர்வரிசைத் தட்டில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அரைக் கிலோ. எங்கள் ஊரில் அரைக் கிலோ என்றால் கருப்பட்டிதான் மனதில் வரும். அப்பாவின் கடையில் தராசுத் தட்டைத் தொட்டு வளர்ந்தவள் நான். கைப்பையில் அரைக் கிலோ கூடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒருநாள் கருப்பட்டியைப் பொட்டலம் கட்டிப் பையில் போட்டுக்கொண்டே கல்லூரிக்குப் போனேன். ஸ்டாஃப் ரூமில் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

சித்தப்பா பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு வங்கிப் பணம் ஏற்றிப் போகும் வேனில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் போனேன். லைசென்ஸுக்குக் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழ் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. துப்பாக்கியை நான் ஏற்கெனவே மனதில் வாங்கிவிட்டேன். அதில் என்ன தோட்டா போடுவது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

காரணம், படித்திருந்தேன். ஆராய்ச்சி செய்து பழகிய புத்தி, பயத்துக்கும் நூலகம் தேடும். அமெரிக்காவில் கைப்பையில் அடங்கும் லேசான ரிவால்வர்கள் 1950களிலிருந்து வருகின்றன. கால்சட்டைப் பையிலும் அடங்கிவிடும், அரைக் கிலோவுக்கும் குறைவு. அங்கே தோட்டா பற்றி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் நம்மூரில் அரிசி ரகம் பற்றிப் பேசுவது போலிருக்கும். ஈயத்தில் உருண்டை மூக்கோடு ஒன்று. மூக்கே இல்லாமல் தட்டையாக, குறிபார்க்கும் போட்டிக்காரர்கள் வாங்குவது ஒன்று. மூக்கில் குழி விட்டு, உடம்புக்குள் போனதும் பூப்போல விரிவது ஒன்று.

"ஏன் பிள்ள, லேசா இருந்தா நல்லதுன்னு நினைக்கியோ?" என்றார் சித்தப்பா. "துப்பாக்கி லேசாக லேசாக உதை ஜாஸ்தி. குண்டு முன்னால போற வேகத்துக்கு இது பின்னால வரும். கனமா இருந்தா கனமே அதை வாங்கிக்கிடும். லேசா இருந்தா உன் மணிக்கட்டு வாங்கணும்."

அதனால்தான் லேசான ரிவால்வருக்கு மருந்து அதிகம் அடைத்த, முரட்டுத் தோட்டா ஆகாது என்கிறார்கள். முதல் குண்டு எங்கேயாவது போகும், இரண்டாவதைச் சுடக் கை வராது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒன்று வெடிக்கும்போது வரும் உதையில், உருளைக்குள் மிச்சம் இருக்கும் தோட்டாக்களின் குண்டு பித்தளைக் கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவும். நீட்டிக்கொண்டு நின்றால் உருளை சுழலாது. ஆறு தோட்டா இருந்தும் துப்பாக்கி இறுகிப் போகும். பாயிண்ட் 32 அப்படி முரடு இல்லை. குண்டின் எடை ஆறு கிராமுக்குக் கொஞ்சம் கூட. மென்மையான உதை. லேசான துப்பாக்கிக்கு அது பொருத்தம்தான்.

இந்தச் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வாத்தியார் புத்தி, விடாது. ரவை என்றால் நொறுங்கிய சிறு துண்டு. உப்புமாவுக்கும் ரவை, மூக்குத்தியில் பதிக்கும் வைரப் பொடிக்கும் ரவை, துப்பாக்கிக்கும் ரவை. ஈழத்தில் சன்னம் என்பார்கள். இங்கே சன்னம் என்றால் மெல்லிய அரிசி. துப்பாக்கியும் தோட்டாவும் வெளியிலிருந்து வந்த சொற்கள். அது உடம்பில் பாய்கிற பகுதிக்கு மட்டும் அடுக்களைப் பாத்திரத்திலிருந்து பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சித்தப்பா தன் துப்பாக்கியைப் பழுது பார்க்கப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். சின்னக் கடை. கம்பிக் கதவு, இரும்புப் பெட்டி, சுவரில் சாமி படம். நிர்பீக் அங்கே இல்லை. எழுதிக் கொடுத்தால் வரும் என்றார் கடைக்காரர். அதே அளவில் கொஞ்சம் கனமான பழைய மாடல் ஒன்றைக் காலி செய்து மேசையில் வைத்தார். தொட்டேன். ஏசி போடாத அந்தக் கடையிலும் அது ஜில்லென்று இருந்தது.

"தோட்டா என்னென்ன வகை இருக்கு?" என்றேன்.

அவர் ஒரே ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். அரசு ஆலைத் தோட்டா, உருண்டை மூக்கு, ஈயக் குண்டு. "இதுதாம்மா இருக்கு. இதுவும் லைசென்ஸ் புத்தகத்துல எத்தனைன்னு போட்டிருக்கோ அத்தனைதான் தருவேன்."

அவ்வளவு படித்துவிட்டு வந்தவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. குழி விழுந்த மூக்கு பற்றிக் கேட்டேன். உடம்புக்குள் விரியும் குண்டுக்கு உலகம் வைத்த பெயரே நம் ஊர்ப் பெயர்தான். கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் ஆங்கிலேயர்கள் செய்தது. 1899இல் ஹேக் மாநாட்டில் போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவானபோது, பிரிட்டன் எதிர்த்து வாதாடியது. நாகரிகமில்லாத எதிரி சாதாரணக் குண்டுக்கு நிற்க மாட்டான் என்பது அந்த வாதம். எந்த உடம்புக்கு எந்தக் குண்டு என்பதை முடிவு செய்கிறவர்கள் எப்போதும் அந்த உடம்பைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சித்தப்பாதான் பேசினார்.

"அது ஏன் விரியுது தெரியுமா? விரிஞ்சா உள்ளயே நின்னுரும். இந்த உருண்டை மூக்கு நிக்கும்னு சொல்ல முடியாது, தாண்டியும் போவும். பலகைக் கதவுன்னா துளைச்சிரும். அதனால எந்தத் தோட்டான்னு கேக்குததுக்கு முன்னால ரெண்டு சொல்லணும். எத்தனை அடி தூரத்துல அவன் நிப்பான். அவனுக்குப் பின்னால யாரு நிப்பா."

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். தூரம் மூன்று அடி. இடம் ரோடு இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் முன் அறை. அவனுக்குப் பின்னால், அடுக்களை வாசலில், காபி டம்ளரோடு என் அக்கா. பெரியம்மா மகள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு சின்னவள்.

"தெரிஞ்சவனா?" என்றார் சித்தப்பா, மெதுவாக.

தலையாட்டினேன். முதல் நாளே தெரியும். விளக்கை அணைத்தாலும் அந்த பைக்கின் சத்தம் தெரியும். பண்டிகைக்குப் பண்டிகை எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிற பைக் அது. அத்தான் என்று கூப்பிட்டு இலை போட்டுப் பரிமாறியிருக்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். வகுப்பில் இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தற்காப்புக்காக உயிரையே எடுக்கும் உரிமையையும் சொல்லியிருக்கிறேன். அப்போது தண்டனைச் சட்டம் 100, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 38. இருட்டில் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தவள், ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்கு இரும்பு வாங்கத் தயாராக இருந்தேன். ஒரு பெயரைச் சொல்லத் தயாராக இல்லை. சொன்னால் அக்காவின் வாழ்க்கை என்னாவது, அம்மாவும் பெரியம்மாவும் முகம் பார்த்துக்கொள்வார்களா, நீ எதற்கு ராத்திரி வருகிறாய் என்ற கேள்வி எந்த வாயிலிருந்து முதலில் வரும். ரோட்டில் வருகிற யாரோ ஒருவனைச் சுடுவது இவ்வளவு சிக்கல் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா வேறு எதையோ பேசுவது போலப் பேசினார். தேர்தல் வருகிறது, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும் என்றார். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதுதான் வழக்கம். அந்த மாதங்களில் பின்தொடர்கிறவர்களுக்கும் நடத்தை விதி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். பிறகு, "போன வருசம் மே மாசம் பாத்தல்லா" என்று மட்டும் சொன்னார். தூத்துக்குடிக்காரர்கள் யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. 2018 மே 22. ஸ்டெர்லைட்டை எதிர்த்துக் கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. அன்றும் அடுத்த நாள்களிலுமாக இறந்தவர் 13 பேர். அதில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் பிள்ளையும் உண்டு. அதன் பிறகு என் வகுப்பில் பல மாதங்கள் யாரும் போராட்டம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. துப்பாக்கி எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1911இல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதைப் பாடமாகவே நடத்துகிறோம். ஆனால் குண்டு எந்தப் பக்கம் போகும் என்பது பாடத்தில் ஒரு மாதிரியும் தெருவில் ஒரு மாதிரியும் இருக்கிறது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தான் வெளியூர் போயிருந்தார். அக்கா வீட்டுக்குப் போனேன். முழங்கைக் காயத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். துப்பாக்கிக் கடை வரை சொன்னேன். அக்கா குறுக்கே பேசவில்லை. அடுப்பை அணைத்தாள், பின்வாசல் கதவைச் சாத்தினாள், சின்னவளை மாடிக்கு அனுப்பினாள். பிறகு கட்டிலின் தலைமாட்டில் மெத்தைக்கு அடியில் கைவிட்டு, பழைய வேட்டித் துணி சுற்றிய ஒன்றை எடுத்தாள். பெரியப்பா பனையேறியபோது வைத்திருந்த பாளை அருவாள்.

"மூணு வருசமா இங்கதான் இருக்கு" என்றாள். "பிள்ளைகளுக்குத் தெரியாது."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் வீட்டுக்கு எத்தனை முறை வந்திருப்பேன், அதே கட்டிலில் உட்கார்ந்து கவிதை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

"உன் துப்பாக்கி எவ்வளவு கனம் ஏட்டி?"

"அரைக் கிலோ."

"இதும் அவ்வளவுதான் இருக்கும்" என்று அருவாளைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "ஒரு நாளும் எடுக்கல. எடுத்தா அப்புறம் என்ன செய்யணும்னு தெரியல."

இரண்டு நாள் கழித்துக் கல்லூரிக்கு விடுப்பு போட்டுவிட்டு, அக்காவோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். இந்த ஏற்பாடு 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் திறந்ததிலிருந்து வருகிறது. பெண்கள் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் திறந்தார்கள். அங்கே நடந்ததையும் அதற்குப் பிறகு குடும்பத்தில் நடந்ததையும் எழுத அக்கா இன்னும் அனுமதி தரவில்லை. மனு எழுதியது வரைக்கும் சொல்லலாம் என்றிருக்கிறாள்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனுவை நான்தான் எழுதினேன். தேதி, இடம், நேரம், வண்டி நிறம் எல்லாம் சரியாக எழுதிக்கொண்டு வந்தவள், பழக்கதோஷத்தில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதிவிட்டேன். அக்கா பேனாவை வாங்கி அந்த மூன்று சொல்லையும் அடித்துவிட்டு, மேலே தன் வீட்டுக்காரரின் பெயரை இனிஷியலோடு எழுதினாள். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. பெயரில் ஒரு ஒற்று விட்டுப் போயிருந்தது. நான் திருத்தவில்லை.